லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்ஜ் ஏறவில்லை என்றதும் பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிய பேட்டரியை வாங்கிப் போட்டு, அப்போதும் ஏறாமல் தவிப்பவர்கள் ஏராளம். சுவரிலிருந்து பேட்டரி வரை மின்சாரம் வரும் வழி நீளமானது. சுவர் பிளக், மின்கம்பி, அடாப்டர், அதிலிருந்து வரும் மெல்லிய வயர், அதன் முனை, லேப்டாப்பின் சார்ஜிங் துவாரம், மதர்போர்டில் உள்ள சார்ஜிங் சர்க்யூட், அதன் பிறகுதான் பேட்டரி. வரிசையில் பேட்டரி கடைசியில் இருக்கிறது. சந்தேகமும் கடைசியில்தான் அதன் மேல் விழ வேண்டும். எதுவுமே பழுதாகாமல், லேப்டாப் தானாகவே சார்ஜ் ஏற்ற மறுக்கும் சந்தர்ப்பங்களும் நிறைய உண்டு. கீழே உள்ள பதில்கள் இந்த வழியை ஒட்டியே செல்கின்றன.

முதலில் எதைப் பார்ப்பது?

சுவர் பிளக்கில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். அதே இடத்தில் வேறு ஒரு சாதனத்தைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகச் செருகியிருந்தால் அதை விட்டுவிட்டு நேரடியாகச் சுவரில் செருகுங்கள்.

அடுத்து, சுவரிலிருந்து அடாப்டருக்கு வரும் தடித்த மின்கம்பி. பெரும்பாலான அடாப்டர்களில் இது கழற்றி மாட்டக்கூடிய தனிப் பொருள். அடாப்டருக்குள் நுழையும் முனை நாளடைவில் நழுவி, பார்ப்பதற்குச் செருகியது போலவே இருக்கும். ஆனால் உள்ளே தொடர்பு இருக்காது. அதை முழுவதும் உருவி எடுத்து, மீண்டும் அழுத்திச் செருகுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. இந்த மின்கம்பி பல சாதனங்களுக்குப் பொதுவான வடிவத்தில் வருவதால், அதே முனையுள்ள வேறு ஒன்றை மாட்டிச் சோதிப்பதும் எளிது.

அடாப்டரில் விளக்கு எரிகிறது. அப்படியானால் அடாப்டர் நன்றாகத்தானே இருக்கிறது?

உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சிறு விளக்கு எரிவதற்கு மிகச் சொற்ப மின்சாரம் போதும். லேப்டாப் இழுக்கும் 45 அல்லது 65 வாட் பளுவைத் தாங்க முடியாத அடாப்டரிலும் விளக்கு பளிச்சென்று எரியும். விளக்கு அறவே எரியவில்லை என்றால் பழுது அடாப்டரிலோ அதற்கு முன்போ இருக்கிறது என்று கொள்ளலாம். எரிந்தால், அடாப்டருக்குள் மின்சாரம் வந்து சேர்கிறது என்பது மட்டுமே உறுதி. விளக்கே இல்லாத அடாப்டர்களும் உண்டு.

லேப்டாப்பில் செருகியதும் அடாப்டர் விளக்கு அணைந்துவிடுகிறது. ஏன்?

நல்ல அடாப்டர் ஒவ்வொன்றிலும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. தன் வெளிமுனையில் ஷார்ட் ஏற்பட்டாலோ தன் சக்திக்கு மீறிய மின்னோட்டம் இழுக்கப்பட்டாலோ அது தன்னை நிறுத்திக்கொள்ளும். விளக்கு அணைவது அதனால்தான்.

லேப்டாப்பிலிருந்து முனையை எடுத்துவிட்டு, அடாப்டரைச் சுவரிலிருந்தும் கழற்றி, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் சுவரில் மட்டும் செருகுங்கள். விளக்கு திரும்ப எரிந்து, லேப்டாப்பில் செருகியதும் மறுபடி அணைந்தால், மதர்போர்டில் ஏதோ ஒரு உறுப்பு ஷார்ட் ஆகியிருக்கக்கூடும், அல்லது சார்ஜிங் துவாரத்துக்குள் இரண்டு முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கக்கூடும். அடாப்டரே பலவீனமாகி, சிறு பளுவுக்கும் அணைந்துபோகவும் வாய்ப்புண்டு. எது என்று அறிய, அதே வகை அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதுவும் அணைந்தால் குறை லேப்டாப்பில்தான். அதற்கு மேல் திரும்பத் திரும்பச் செருகிச் சோதிக்க வேண்டாம். ஷார்ட் ஆன இடத்தில் ஒவ்வொரு முறையும் சூடு ஏறி, பக்கத்தில் உள்ள உறுப்புகளும் கருகலாம்.

கையில் மல்டிமீட்டர் இருக்கிறது. அடாப்டரை எப்படி அளப்பது?

அடாப்டரின் மேல் ஒட்டியுள்ள லேபிளில் 'அவுட்புட்' என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். 19, 19.5, 20 வோல்ட் போன்ற ஒரு எண் இருக்கும். மீட்டரை நேர்மின்னழுத்த (டிசி வோல்ட்) அளவீட்டில் வைத்து, முனையின் வெளி உலோகத்தில் கறுப்புக் கம்பியையும், உட்புறத்தில் சிவப்புக் கம்பியையும் வையுங்கள். லேபிளில் உள்ள எண்ணுக்கு ஏறக்குறையச் சமமான அளவு நிலையாக நிற்க வேண்டும். 12, 7 என்று குறைவாகக் காட்டினாலோ, ஏறி இறங்கித் தத்தளித்தாலோ அடாப்டர் பழுது.

அளந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவரை விட்டு வயரை மெல்ல வளைக்கச் சொல்லுங்கள். குறிப்பாக, முனைக்குப் பின்னால் உள்ள முதல் இரண்டு அங்குலமும், அடாப்டரை விட்டு வயர் வெளியே வரும் இடமும்தான் அடிக்கடி மடங்கி உள்ளுக்குள் அறுந்துபோகும். மேலே உறை நன்றாக இருக்கும்; விரலால் நெருடிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மட்டும் வயர் தொளதொளவென்று துவளும், அல்லது அந்த இடம் மட்டும் சுடும். வளைக்கும்போது மீட்டரில் எண் விழுந்தால் அறுந்த இடம் அதுதான்.

டெல், எச்பி அடாப்டர்கள் பலவற்றில் முனையின் நடுவே மெல்லிய ஊசி போல ஒரு பின் இருக்கும். அதில் மீட்டர் கம்பி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது மின்சாரம் தருவதற்கானது அல்ல. டைப்-சி அடாப்டரை இப்படி அளக்க முடியாது. சாதனம் ஒன்று இணைக்கப்படும்வரை அது மின்சாரத்தை வெளியே விடாது என்பதால் மீட்டரில் பூஜ்யம்தான் காட்டும். அதைப் பார்த்து அடாப்டர் போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

வேறு லேப்டாப்பின் அடாப்டரைச் செருகிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், மூன்று பொருத்தங்கள் இருந்தால்.

முதலாவது வோல்ட். இது ஒத்துப்போக வேண்டும். 19-க்கும் 19.5-க்கும் உள்ள அரை வோல்ட் வித்தியாசம் பொதுவாகப் பாதிப்பதில்லை. ஆனால் 12 வோல்ட் அடாப்டரையோ 24 வோல்ட் அடாப்டரையோ முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகக் கூடாது. முனை உள்ளே போவது பொருத்தத்துக்குச் சான்றே அல்ல. பிரிண்டர், மானிட்டர் அடாப்டர்கள் எத்தனையோ அதே அளவு முனையுடன் வருகின்றன.

இரண்டாவது ஆம்பியர். இது லேப்டாப் கேட்கும் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஆம்பியர் அதிகமுள்ள அடாப்டர் லேப்டாப்பை எரித்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அது தவறு. லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட், அதே 19.5 வோல்ட்டில் 4.62 ஆம்பியர் என்றால் 90 வாட். 65 வாட் லேப்டாப்புக்கு அதே வகையைச் சேர்ந்த 90 வாட் அடாப்டரைத் தாராளமாகப் போடலாம். 90 வாட் லேப்டாப்புக்கு 45 வாட் அடாப்டரைப் போட்டால்தான் தொல்லை.

மூன்றாவது துருவம். லேபிளில் ஒரு வட்டமும் அதன் இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகளும் கொண்ட சிறு படம் இருக்கும். இரண்டு அடாப்டரிலும் அந்தப் படம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

'அடாப்டரின் வகையைக் கண்டறிய முடியவில்லை' என்று திரையில் வருகிறது. அடாப்டர் ஒரிஜினல்தான். என்ன செய்வது?

மேலே சொன்ன நடு ஊசிப் பின்னின் வேலை இங்கே வருகிறது. அடாப்டர் தன்னை யார் என்றும் தனக்கு எத்தனை வாட் என்றும் லேப்டாப்புக்குச் சொல்வது அந்தப் பின் வழியாகத்தான். அந்தத் தகவல் வந்து சேராவிட்டால், டெல் லேப்டாப்புகள் அடாப்டரை நம்ப மறுக்கும். அடாப்டரின் மின்சாரத்தில் லேப்டாப் ஓடும், பேட்டரியில் மட்டும் சார்ஜ் ஏறாது. கூடவே வேகமும் குறைந்து, எல்லாம் மந்தமாக நடக்கும். சார்ஜ் பிரச்சினையும் வேகப் பிரச்சினையும் ஒரே நாளில் தொடங்கியிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

முனையை வெளிச்சத்தில் பிடித்து நேராக உற்றுப் பாருங்கள். நடுவில் உள்ள பின் சற்றே சாய்ந்திருந்தாலும், உடைந்திருந்தாலும், இல்லாமலே போயிருந்தாலும் காரணம் கிடைத்துவிட்டது. பின் நேராக இருந்தால், அதற்கு வரும் மெல்லிய இழை வயருக்குள் அறுந்திருக்கலாம். லேப்டாப்பை இயக்கும்போது, விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸ் பகுதிக்குள் போய்ப் பாருங்கள். அடாப்டர் எத்தனை வாட் என்று அங்கே காட்டும். 'அன்நோன்' என்றோ 'நன்' என்றோ வந்தால் தகவல் வரவில்லை என்று பொருள். வேறு ஒரு அசல் அடாப்டரைச் செருகியும் அதே செய்தி வந்தால் குறை லேப்டாப்பின் துவாரத்திலோ போர்டிலோ இருக்கிறது. போலி அடாப்டர்களில் இந்த அடையாளச் சிப் இல்லாமலோ சரியாக வேலை செய்யாமலோ இருப்பதும் சகஜம்.

டைப்-சி சார்ஜரைச் செருகினால் ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?

டைப்-சி என்பது துவாரத்தின் வடிவம் மட்டுமே. அந்த வடிவத்தில் உள்ள எல்லாத் துவாரங்களும் சார்ஜை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதில்லை. சில லேப்டாப்புகளில் இரண்டு டைப்-சி துவாரங்கள் இருந்தாலும் ஒன்றில் மட்டுமே சார்ஜ் ஏறும். சிலவற்றில் எதிலும் ஏறாது. துவாரத்தின் அருகே பேட்டரி அல்லது மின் பிளக் போன்ற சிறு சின்னம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

துவாரம் சரி என்றால் அடுத்தது சார்ஜர். யுஎஸ்பி பவர் டெலிவரி என்ற முறைப்படி, சார்ஜரும் லேப்டாப்பும் முதலில் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வருகின்றன. 5, 9, 15, 20 வோல்ட் ஆகியவற்றில் தன்னால் எது முடியும் என்று சார்ஜர் சொல்லும். தனக்கு வேண்டியதை லேப்டாப் கேட்டுப் பெறும். பெரும்பாலான லேப்டாப்புகள் 20 வோல்ட்டைக் கேட்கும். போனுக்கான சாதாரண சார்ஜரில் 5 அல்லது 9 வோல்ட்டுக்கு மேல் இருக்காது. அதைச் செருகினால் சில லேப்டாப்புகள் கண்டுகொள்ளவே செய்யாது. சில 'ஸ்லோ சார்ஜர்' என்று எச்சரித்துவிட்டு மெதுவாக ஏற்றும். போன் சார்ஜர் ஒன்றில் 'வேக சார்ஜ்', '67 வாட்' என்றெல்லாம் அச்சிட்டிருந்தாலும், அந்த வாட் முழுவதும் அந்நிறுவனத்தின் போனுக்கு மட்டுமே கிடைக்கும்படி அமைந்திருக்கலாம். லேப்டாப்புக்கு அதில் ஒரு பகுதிதான் வரும். சார்ஜரின் லேபிளில் 20 வோல்ட் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

எல்லாரும் மறந்துவிடுவது கேபிளை. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரை, அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள் தேவை. அந்தக் கேபிளுக்குள் இ-மார்க்கர் என்ற சிறு சிப் இருக்கும். அது இல்லாவிட்டால் 100 வாட் சார்ஜர்கூட 60 வாட்டுடன் நின்றுவிடும். 2021-ல் இந்த முறை 240 வாட் வரை விரிவாக்கப்பட்டது. அந்த அளவுக்குத் தனிக் கேபிள் வேண்டும். நல்ல சார்ஜரை வாங்கிவிட்டு, கையில் கிடைத்த பழைய கேபிளைச் செருகிக்கொண்டு சார்ஜரைக் குறை சொல்வது நியாயமில்லை.

முனையை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மட்டும் சார்ஜ் ஏறுகிறது. அப்படியே சமாளிக்கலாமா?

கூடாது. முனையோ துவாரமோ தளர்ந்துவிட்டது என்று பொருள். தொடர்பு விட்டு விட்டு வரும்போது அந்த இடத்தில் நுண்ணிய தீப்பொறி எழும். துவாரம் கருகும், பிளாஸ்டிக் உருகும். வயருக்கு அடியில் புத்தகத்தை முட்டுக்கொடுத்து நாள் கடத்துகிறவர்கள், சிறு செலவில் முடிய வேண்டியதை மதர்போர்டு பழுது வரை கொண்டுபோய்விடுகிறார்கள்.

வேறு அடாப்டரைச் செருகி அசைத்துப் பாருங்கள். அப்போதும் தொடர்பு விட்டுப்போனால் தளர்ந்தது லேப்டாப்பின் டிசி ஜாக், அதாவது சார்ஜிங் துவாரம். பல மாடல்களில் இந்த ஜாக் ஒரு சிறு வயருடன் தனியாக வருகிறது. பழையதை உருவிவிட்டுப் புதியதை மாட்டிவிடலாம், வேலை சுலபம். வேறு சில மாடல்களில் ஜாக்கை நேரடியாக மதர்போர்டில் சால்டர் செய்திருப்பார்கள். டைப்-சி துவாரம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. அதன் பின்கள் மிக நெருக்கமாக இருப்பதால், அனுபவமுள்ள கை வேண்டும்.

துவாரத்தில் தூசு அடைந்திருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

லேப்டாப்பை முழுவதும் அணைத்து, அடாப்டரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். டைப்-சி துவாரத்தில், பைக்குள் உள்ள நூல் துணுக்குகள் நாளாக நாளாக அமுங்கிப் போய், அடியில் பாய் விரித்தது போலப் படிந்துவிடும். கேபிள் முனை முழு ஆழத்துக்குப் போகாது. வெளியே ஒரு மெல்லிய இடைவெளி தெரியும். மரத்தாலான பல்குத்தியைக் கொண்டு, நடுவில் உள்ள தட்டில் படாமல், ஓரத்தில் விட்டு மெதுவாக நெம்பி எடுங்கள். ஊசி, ஹேர்பின், குண்டூசி எதுவும் வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். காற்றடைத்த டப்பா இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

மேக்புக்கின் மேக்சேஃப் முனை காந்தம் என்பதால் இரும்புத் துகள்களை இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதன் பின்களையும் துவாரத்தையும் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று காட்டுகிறது. சார்ஜ் 60 அல்லது 80 சதவீதத்திலேயே நிற்கிறது.

இதைப் படிக்கிற பலருக்கு நிம்மதி தரும் பதில் இது: உங்கள் லேப்டாப்பில் பழுது எதுவும் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

லித்தியம் அயான் பேட்டரி எப்போதும் 100 சதவீதத்தில் நிரம்பியே கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். கூடவே சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாகத் தளரும். நாள் முழுவதும் மேசையில் அடாப்டருடனே ஓடும் லேப்டாப்புக்கு நேர்வது இதுதான். அதனால் ஒரு வரம்புக்கு மேல் சார்ஜ் ஏறாமல் நிறுத்திவைக்கும் வசதியை நிறுவனங்கள் சேர்த்திருக்கின்றன. பெயர்தான் ஆளுக்கொன்று. லெனோவோவில் 'கன்சர்வேஷன் மோட்'. சில மாடல்களில் 60-ஐ ஒட்டியும், புதியவற்றில் 80-ஐ ஒட்டியும் நிற்கும். ஏசுஸில் 'பேட்டரி கேர்' அமைப்பு. எச்பியின் அலுவலக மாடல்களில் பயாஸுக்குள் 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்'. டெல்லில் எத்தனை சதவீதத்தில் தொடங்கி எத்தனையில் நிறுத்த வேண்டும் என்று நீங்களே எண்ணைக் கொடுக்கலாம். ஏசரிலும் 80 சதவீத வரம்பு உண்டு. மேக்புக் உங்கள் பழக்கத்தைக் கவனித்துத் தானாகவே 80-ல் நிறுத்திவைக்கும்.

இந்த வரம்பு பயாஸில் அமைக்கப்பட்டிருந்தால், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் மாறாது. பழைய லேப்டாப்பை வாங்கியவர்கள் குழம்புவது இங்கேதான். முந்தைய உரிமையாளர் வைத்த வரம்பு அப்படியே இருக்கும். பயணத்துக்கு முழு சார்ஜ் தேவைப்படும் நாளில் மட்டும் வரம்பை எடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள். பேட்டரிக்கு இதைவிட நல்ல உபகாரம் வேறில்லை.

சார்ஜ் நிற்கும் இடம் 60, 80 போன்ற முழு எண்களை ஒட்டி இல்லாமல் 7, 23, 41 என்று கண்டபடி இருந்தால் இது காரணம் இல்லை. மற்ற பதில்களைப் பாருங்கள்.

95, 96 சதவீதத்தில் நிற்கிறது, 100-ஐத் தொடவில்லை.

இயல்புதான். கிட்டத்தட்ட நிரம்பிய பேட்டரியில் சிறுகச் சிறுக ஏற்றிக்கொண்டே இருப்பது தேய்மானம் என்பதால், பல லேப்டாப்புகள் 95-க்குக் கீழே இறங்கிய பிறகே மீண்டும் ஏற்றத் தொடங்கும்.

வெயில் நாளில் மட்டும் சார்ஜ் ஏறவில்லை. சம்பந்தம் உண்டா?

உண்டு. பேட்டரிக்குள் வெப்பத்தை அளக்கும் உணரி இருக்கிறது. செல்களின் வெப்பம் ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெரும்பாலான லேப்டாப்புகள் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். மெத்தை மேல் வைத்து, அடியில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு வேலை செய்தாலே அந்த அளவை எட்டலாம். எதிர்ப்புறத்தில், பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் சார்ஜ் ஏற்ற மாட்டாது. அந்தக் குளிரில் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். இரண்டு நிலையிலும் செய்ய வேண்டியது ஒன்றே: அணைத்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை வைத்திருங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

அணைத்து வைத்தால் ஏறுகிறது; வேலை செய்யும்போது ஏறவில்லை, குறையவும் செய்கிறது.

அடாப்டரின் வாட் போதவில்லை. வீடியோ தொகுப்பு, விளையாட்டு போன்ற கனமான வேலைகளில் லேப்டாப் இழுப்பது அடாப்டர் தருவதைவிட அதிகமானால், மிச்சத்தைப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். லேப்டாப்புடன் வந்த அடாப்டரின் வாட் எவ்வளவு என்று பார்த்து, அதே அளவுள்ளதைப் பயன்படுத்துங்கள். மிகச் சக்தி வாய்ந்த விளையாட்டு லேப்டாப்புகள் சிலவற்றில், சரியான அடாப்டருடனே உச்சக்கட்ட வேலையின்போது பேட்டரி கொஞ்சம் இறங்குவதுண்டு.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பல நேரம் உண்மை. சார்ஜ் ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் உள்ள எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சிப்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. லேப்டாப்பை அணைத்த பிறகும் அது விழித்தே இருக்கும். அதனால் சாதாரண ரீஸ்டார்ட் அதைத் தொடுவதில்லை. அது ஏதோ ஒரு குழப்பமான நிலையில் சிக்கிக்கொண்டால், எல்லாம் நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறாது.

லேப்டாப்பை அணைத்து, அடாப்டரையும் இணைத்துள்ள மற்ற சாதனங்களையும் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 15 முதல் 30 விநாடி வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரியைப் போட்டு, அடாப்டரைச் செருகி, இயக்குங்கள். லெனோவோ திங்க்பேட் பலவற்றில் அடிப்பக்கம் ஊசித் துளை ஒன்று இருக்கும். அடாப்டரைக் கழற்றிவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் அதை அழுத்தினால் அதே பலன். ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்புக்கை அணைத்து, அரை நிமிடம் கழித்து இயக்கினால் போதும்.

விண்டோஸில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

அதற்கு முன் ஒரு சோதனை. லேப்டாப்பை முழுவதும் அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் சார்ஜில் போடுங்கள். அணைந்த நிலையிலும் ஏறவில்லை என்றால் விண்டோஸில் எதை மாற்றியும் பயனில்லை. நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அணைந்த நிலையில் ஏறி, விண்டோஸ் தவறாகக் காட்டுவதாகத் தோன்றினால், டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'பேட்டரீஸ்' என்ற பிரிவில் 'மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ' என்று தொடங்கும் பேட்டரி வரியை வலது கிளிக் செய்து நீக்குங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் அது தானாகவே திரும்ப நிறுவப்படும். பயாஸுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் அதையும் போடலாம், ஆனால் சார்ஜ் நிலையாக இல்லாத நேரத்தில் வேண்டாம். பாதியில் மின்சாரம் நின்றால் லேப்டாப்பே எழாமல் போகலாம்.

பல மாதம் எடுக்காமல் வைத்திருந்த லேப்டாப் 0 சதவீதத்திலேயே இருக்கிறது.

ஒரு லித்தியம் செல் முழு சார்ஜில் ஏறத்தாழ 4.2 வோல்ட்டிலும், காலியாகும்போது 3 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் அதற்கும் கீழே போய்விடும். அந்த நிலையில் ஒரேயடியாக முழு மின்னோட்டத்தைச் செலுத்துவது ஆபத்து என்பதால், சார்ஜிங் சர்க்யூட் முதலில் மிகக் குறைந்த அளவில் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்க்கும். அதனால் அணைத்தபடியே சில மணி நேரம் சார்ஜில் விட்டுவிடுங்கள். நீங்கள் கண்பார்வையில் இருக்கும் நேரமாகத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் செல் மிக ஆழமாக இறங்கியிருக்கும், பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட் அதை நிரந்தரமாகப் பூட்டியிருக்கும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து உயிரூட்டும் வித்தைகளைக் காட்டும் வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம். அந்தப் பூட்டு தீப்பிடிக்காமல் இருப்பதற்காகப் போடப்பட்டது. இனி நீண்ட நாள் எடுக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள்.

பேட்டரிதான் போய்விட்டது என்பதை எப்படி உறுதி செய்வது?

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் powercfg /batteryreport என்று தட்டச்சு செய்து என்டரை அழுத்துங்கள். ஒரு அறிக்கை உருவாகி, அது சேமிக்கப்பட்ட இடத்தையும் காட்டும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். 'டிசைன் கெபாசிட்டி' என்பது புதிதாக இருந்தபோது பேட்டரியின் கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்பது இப்போது அது கொள்ளும் அளவு. முதல் எண் 50,000 மில்லிவாட்-மணி, இரண்டாவது 41,000 என்றால் பேட்டரி இன்னும் 82 சதவீதம் தெம்புடன் இருக்கிறது. சார்ஜ் ஏறாததற்குக் காரணத்தை வேறெங்காவது தேடுங்கள். பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அறிக்கையில் பேட்டரி என்ற பேச்சே இல்லை என்றால், கனெக்டர் கழன்றிருக்கலாம் அல்லது பேட்டரிக்குள் உள்ள சர்க்யூட் செத்திருக்கலாம்.

மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பவர்' பகுதியில் சார்ஜ் சுழற்சி (பேட்டரியின் முழுக் கொள்ளளவு ஒரு முறை செலவாவது) எண்ணிக்கையும் பேட்டரியின் நிலையும் கிடைக்கும். இன்றைய மேக்புக் பேட்டரிகள் 1000 முழுச் சுழற்சிகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை.

40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று அணைந்துவிடுகிறது.

சதவீதம் என்பது கணக்கிட்டுச் சொல்லும் மதிப்பீடு. ஒரு முறை முழுதாக ஏற்றி, தானாக அணையும்வரை பயன்படுத்தி, மீண்டும் இடைவிடாமல் முழுதாக ஏற்றினால் கணக்கு சரியாகலாம். ஆகாவிட்டால், உள்ளே உள்ள செல்களில் ஒன்று மற்றவற்றைவிடத் தளர்ந்துவிட்டது. பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது. அடிப்பக்க மூடி பிதுங்குகிறது.

உடனே அணையுங்கள். அடாப்டரைக் கழற்றுங்கள். மறுபடி சார்ஜில் போடாதீர்கள்.

பேட்டரி உப்பிவிட்டது. செல்லுக்குள் உள்ள ரசாயனம் சிதைந்து வாயுவாகி, உறையை உள்ளிருந்து தள்ளுகிறது. தொடக்கத்தில் இது கண்ணுக்குத் தெரியாது: டச்பேட் கிளிக் ஆக மறுக்கும், மேசையில் வைத்தால் லேப்டாப் லேசாக ஆடும், மூடினால் ஒரு மூலை பொருந்தாது. இந்த அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள். உப்பிய பேட்டரியை அமுக்கி உள்ளே தள்ளுவதோ, வாயுவை வெளியேற்ற ஊசியால் குத்துவதோ தீயை வலிய அழைப்பதாகும். மூடியைத் திருகி இறுக்கவும் வேண்டாம். எளிதில் தீப்பற்றும் பொருள்கள் இல்லாத இடத்தில் லேப்டாப்பை வைத்து, பழுதுபார்ப்பவரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் 'இன்னும் இரண்டு நாள் ஓட்டிவிடலாம்' என்று நினைக்கவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிய பேட்டரி போட்டும் சார்ஜ் ஏறவில்லை.

கனெக்டர் முழுவதும் அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாடல் எண்ணும் வோல்ட்டும் பழைய பேட்டரியின் லேபிளுடன் ஒத்துப்போக வேண்டும். வேறு நிறுவனம் தயாரித்த பேட்டரிகளைச் சில லேப்டாப்புகள் அடையாளம் காண மறுக்கும். இவை எல்லாம் சரி என்றால், பழைய பேட்டரி குற்றமற்றதாக இருந்திருக்கலாம். அடாப்டரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

தண்ணீர் கொட்டியது. உலர்ந்த பிறகு லேப்டாப் ஓடுகிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை.

தண்ணீர் உலர்ந்தாலும் அதிலிருந்த உப்பும் அழுக்கும் போர்டிலேயே தங்கிவிடும். பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருப்பதால் அந்த இடம் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்து அரிக்கத் தொடங்கும். இன்று சார்ஜ் மட்டும் போயிருக்கிறது, அரிப்பு நிற்காது. பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, போர்டைத் திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் அரிப்பு நீங்காது.

சார்ஜில் இருக்கும்போது உலோக உடலைத் தொட்டால் கையில் சுருசுருவென்கிறது.

எர்த் இணைப்பு இல்லாத இரண்டு முனைப் பிளக்கில் இது வரும். அடாப்டருக்குள், மின்னிரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர் வழியாக மிக மெல்லிய கசிவு உடலுக்கு வருகிறது. மூன்று முனை மின்கம்பியை, எர்த் முறையாக உள்ள பிளக்கில் செருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். சுருசுருப்புக்கு மேல் சுளீரென்று அடித்தால் அந்த அடாப்டரை அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

பேட்டரி இல்லாமல் அடாப்டரில் மட்டும் ஓட்டலாமா?

பல மாடல்களில் முடியும். ஆனால் மின்சாரம் ஒரு கணம் நின்றாலும் லேப்டாப் அணைந்து, சேமிக்காத வேலை போய்விடும். சில மாடல்கள் பேட்டரி இல்லாதபோது வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. பழுதுபார்ப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

'சார்ஜ் ஏறவில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், அவரும் பேட்டரியிலிருந்துதான் தொடங்குவார். நீங்கள் பார்த்ததை எழுதிக் கொடுங்கள்: வேறு அடாப்டரில் என்ன நடந்தது, அடாப்டர் விளக்கு அணைகிறதா, அணைந்த நிலையில் ஏறுகிறதா, பயாஸில் அடாப்டரின் வாட் தெரிகிறதா, பேட்டரி அறிக்கையில் என்ன எண்கள். அடாப்டரையும் கேபிளையும் கூடவே கொண்டுபோங்கள்.

போர்டில் பழுது என்று சொன்னால், மதர்போர்டு முழுவதையும் மாற்றச் சம்மதிக்கும் முன், சார்ஜிங் பகுதியில் உள்ள ஃபியூஸ், மாஸ்ஃபெட், சார்ஜர் ஐசி ஆகியவற்றைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். சார்ஜ் ஏறாத போர்டுகளில் பலவற்றுக்கு, நகக்கண் அளவுள்ள இந்த உறுப்புகளில் ஒன்றை மாற்றினாலே போதும். கொடுப்பதற்கு முன் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள். பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜ் தீர்ந்துவிட்டால் அதற்கு வழியிருக்காது என்பதால், சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்த அன்றே முதல் வேலையாக அதைச் செய்துவிடுவது நல்லது.